கம்பி செல்லும் வழி

முள் அசையவில்லை. முன்னிருக்கையைத் தூக்கிச் சாய்த்துவிட்டு, அதற்கடியில் உறுமிக்கொண்டிருந்த எஞ்சினின் வெக்கை முகத்தில் அடிக்கும்படி குனிந்திருந்த அருமைநாயகம், வேனின் படிமேல் வைத்திருந்த பழைய மீட்டரின் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடியில் ஈரம் இருந்ததே தவிர, முள்ளில் உயிர் இல்லை. புதிய ஆக்சிஜன் சென்சாரைப் புகைக்குழாயில் முடுக்கி, அதன் நான்கு கம்பிகளையும் வண்டியின் நான்கு கம்பிகளோடு இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு வெகுநேரம் ஆகிவிட்டது. சூடேறியதும் அது பேசத் தொடங்கியிருக்க வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் முள் தாழ வேண்டும். குறைந்தால் எழ வேண்டும். தாழ்ந்தும் எழுந்தும், தாழ்ந்தும் எழுந்தும், உறங்குகிறவர்களின் மார்பைப்போல அது ஓயாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் வண்டி தனக்கு வேண்டிய பெட்ரோலை அளந்து எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் இல்லையென்றால் கண்மூடித்தனமாக ஊற்றிக்கொள்கிறது; கரும்புகை கக்குகிறது; மேட்டில் திணறி நின்றுவிடுகிறது. போன வாரம் மலைப்பாதையின் வளைவொன்றில் அப்படித்தான் நின்றது. பின்னால் மெத்தையில் படுத்திருந்த புஷ்பம் ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். எதற்காகத் தட்டினாள் என்று அவர் இன்னும் அவளிடம் கேட்கவில்லை. நாளைக் காலையில் அவளைக் குன்னூரிலிருந்து கோயம்புத்தூருக்கு, நுரையீரல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். பேருந்தில் அவளால் உட்கார முடியாது. வாடகைக் காரில் கால் நீட்டிப் படுக்க முடியாது. படுக்காவிட்டால் வளைவுக்கு வளைவு மூச்சு முட்டும். அதற்காகத்தான் இந்தப் பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார். மெத்தை தயாராக இருக்கிறது. மருந்துப் பை தயாராக இருக்கிறது. முள் மட்டும் அசையவில்லை.

தகரக் கொட்டகையின் கதவைச் சாத்தியிருந்தார். திறந்து வைத்திருந்தால் வண்டியின் புகை முற்றத்தைச் சுற்றிக்கொண்டு அவளுடைய ஜன்னலுக்குப் போகும், நேற்றுப் போயிற்று, நேற்று அவள் இருமிய இருமலை எண்ணினாலே அவருடைய விலா வலிக்கிறது. ஆகவே இன்று கதவைச் சாத்தி, பின்பக்கத்துச் சிறு ஜன்னலைத் திறந்து வைத்தார். புகை அதன் வழியே போய்விடும் என்பது கணக்கு. ஆனால், மத்தியானத்திலிருந்தே பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த மூடுபனி அந்த ஜன்னலில் வந்து, உள்ளே வரவும் மனமில்லாமல், திரும்பிப் போகவும் மனமில்லாமல், யாரோ முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல அங்கேயே நின்றுவிட்டது. இந்த மூடுபனியைத்தான் டாக்டர் ஆகாது என்றார். அவர் சொன்ன மறுநாளே அருமைநாயகம் அவளுடைய அறையை அடைத்தார். அந்த வேலை அவருக்குப் புதிதன்று. பணிக்காலம் முழுவதும் டெலிபோன் இலாகாவில் கேபிள் ஜாயின்டராக இருந்தவர். பூமிக்கடியில் கிடக்கும் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து, இணைத்த இடத்தில் ஈரமோ காற்றோ நுழையாதபடி மூடுவதே அவருடைய பிழைப்பு. ஜன்னல் சட்டத்தின் இடுக்கெல்லாம் மெழுகு. மெழுகின்மேல் ரப்பர் நாடா. நாடாவின்மேல் மறுபடியும் மெழுகு. கதவின் அடியில் சாக்குச் சுருள். அடைக்காமல் விட்டது ஒன்றே ஒன்று: கொட்டகைக்கும் அறைக்கும் பொதுவான சுவரில், முழங்கால் உயரத்தில், அவர் துளைத்து வைத்த பிளாஸ்டிக் குழாய். இங்கே ஒரு பழைய டெலிபோன், அங்கே அவளுடைய தலைமாட்டில் ஒரு பழைய டெலிபோன். கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணியடிக்கும். அவற்றை இணைக்கும் கம்பி அந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது. பின்னால் ஓர் அழைப்பு விளக்குக்கும் கம்பி இழுக்க வேண்டியிருக்குமென்று, குழாய்க்குள் ஓர் இழுகயிற்றையும் விட்டு, வாயை மூடாமல் வைத்திருந்தார். ஜாயின்டர்களின் வழக்கம் அது. அடுத்து வருகிறவனுக்கு வழி விட்டுத்தான் வைக்க வேண்டும். குழாயை அடைப்பவன் தன் கையைத் தானே அடைக்கிறான் என்பார்கள். சரிவில் வண்டி உருளாமல் இருப்பதற்காகப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தியிருந்ததால், வேனின் வால் அந்தச் சுவரை ஒட்டி நின்றது. கொட்டாவி வந்தது. பகலில் உறங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆயினும் கொட்டாவி வந்தது.

மணி அடித்தது. எழுந்து சுவரிலிருந்த ரிசீவரை எடுப்பதற்குள் முழங்கால்கள் இரண்டும் தமக்குள் ஏதோ பேசி முடிவெடுப்பதைப்போலத் தாமதித்தன. “என்ன பண்ணுதீய?” என்றாள் புஷ்பம். குன்னூருக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அவளுடைய பேச்சு பிறந்த ஊரான நாசரேத்தை விட்டு இறங்கி வரவில்லை. “வேலைதான். நீ படுத்திரு.” “படுத்துதான் இருக்கேன். எந்திரிச்சு ஆடவா செய்யுதேன்? உங்க நோயாளி எப்படி இருக்கான்?” “இன்னும் மூச்சு விடல.” “அப்ப அவனுக்கு நான் தேவல. நாளைக்கு அவன் என்னையக் கொண்டுபோறானா, நான் அவனையக் கொண்டுபோறேனான்னு தெரியலையே.” அவள் சிரிப்பது சிறிய கரகரப்பாகக் கேட்டது, சிரிப்பு எங்கே முடிந்தது, இளைப்பு எங்கே தொடங்கியது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. “ஆக்சிஜன் சென்சாருன்னா எனக்கும் ஒண்ணு வாங்கி மாட்டிருங்க. ஒரே செலவுல முடிஞ்சிரும்.” “பேசாம படு. பேசினா இளைக்கும்.” “பேசலைன்னா மட்டும் இளைக்காதாக்கும்.” வைத்துவிட்டாள். வைத்த பிறகும் அவர் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார். வெறுங்கம்பியின் இரைச்சல் கேட்டது. கம்பிக்குள் ஒரு காற்று எப்போதும் இரைந்துகொண்டுதான் இருக்கும் என்று அவர் புதிதாக வேலைக்கு வந்த நாட்களில் நம்பியிருந்தார். அது காற்றன்று, மின்சாரம் என்று பிறகு கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகும் காது ஒத்துக்கொள்ளவில்லை.

கம்பிகளில் தவறு இருக்க முடியாது. மறுபடியும் குனிந்து பார்த்தார். பழைய சென்சாரின் இணைப்புச் செருகி எரிந்து போயிருந்ததால், எல்லா வண்டிக்கும் பொருந்தும் வகையொன்றைக் கடையில் கொடுத்திருந்தார்கள். முனையில் செருகி இல்லை, நான்கு வெறுங்கம்பிகள்தாம். வெள்ளை இரண்டும் அதைச் சூடேற்றுவதற்கு. சாம்பல் நிறம் எர்த்துக்கு. கறுப்பு, சேதி சொல்வதற்கு. நான்கு கம்பிகள். ஆயிரத்து இருநூறு ஜோடிக் கம்பிகள் கொண்ட கேபிளைக் குழிக்குள் உட்கார்ந்து ஒரு கம்பி மாறாமல் இணைத்த கைக்கு நான்கு கம்பிகள் எம்மாத்திரம்? பிற்பகல் முழுவதும் அதைத்தான் செய்தார். ஒவ்வொன்றையும் முறுக்கி, ஈயம் உருக்கி இழைகளுக்குள் இறங்கும்வரை ஊட்டி, அதன்மேல் ஈரம் புகாமல் தடுக்கும் கேபிள் ஜெல்லியை அப்பி, அதன்மேல் ரப்பர் உறையை மெழுகுவர்த்திச் சுடரில் சுருக்கி, நான்கையும் சேர்த்து இன்னோர் உறைக்குள் அடக்கி, இரு முனைகளிலும் நாடா சுற்றினார். ஈ எறும்பு நுழையாது. ஒரு மயிரிழைக் காற்றும் நுழையாது. அந்த இணைப்பைப் பார்த்தபோது, பல வருடங்களுக்குப் பிறகு தம் கையைத் தாமே பார்த்ததைப்போன்ற ஒரு நிறைவு வந்ததே. அது எங்கே போயிற்று? வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா; நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். கேபிள் கம்பிகளின் வரிசை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வெள்ளை, சிவப்பு, கறுப்பு. வெள்ளை, சிவப்பு, கறுப்பு. அடுத்தது என்ன? நாக்கு அந்த இடத்தில் போய் நின்றது. அந்த இடத்தில் நிறமே இல்லை. சற்றுமுன் சொன்னோமே என்று நினைத்தார். சற்றுமுன் சொன்னது தாமா, வேறு யாராவதா என்று தெரியவில்லை. படியின் ஓரத்தில், தன் மெழுகிலேயே நிற்க வைத்திருந்த மெழுகுவர்த்தி ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது ஓர் ஆறுதல் வந்தது. விளக்கு எரிகிறது; ஆகவே காற்று நன்றாக இருக்கிறது. யார் சொன்னது இது? எங்கே சொன்னது?

பால்துரை. கூட வேலை பார்த்த பால்துரைதான் சொன்னான். கேபிள் குழிக்குள் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது, எரிந்தால் இறங்கலாம். இலாகாவின் விதி. அன்றைக்கு மழைநீர் நின்ற குழியிலிருந்து பம்ப்செட் வைத்து நீரை இறைத்தார்கள். விளக்கை இறக்கினார்கள். எரிந்துகொண்டே போயிற்று, எரிந்துகொண்டே திரும்பியும் வந்தது. பால்துரை சிரித்துக்கொண்டே இறங்கினான். ஏன் சிரித்தான்? மேலே நின்றவர்களில் ஒருவன், “உள்ள போயித் தூங்கிராதேடே” என்று சொன்னான், அதற்காகச் சிரித்தான். அந்த நினைப்பை அருமைநாயகம் அத்தோடு நிறுத்திவிட விரும்பினார். எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். சிரிக்கிற பால்துரையோடு நிறுத்திவிட்டால் அவன் இன்னும் இறங்கிக்கொண்டே இருப்பான். மீட்டரைப் பார்த்தார். முள் அசையவில்லை. தரையில் கிடந்த பழைய சென்சார், தீயில் கரிந்த விரலொன்றை யாரோ வெட்டிப் போட்டதைப்போலக் கிடந்தது. அதைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. துரு அதைக் குழாயோடு ஒன்றாக்கி வைத்திருந்தது. எஞ்சினைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, ஸ்பேனரின்மேல் ஏறி நின்றபோதுதான், ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது. அந்த முனகல் இரும்பின் முனகலாக இல்லை. இருமிக்கொண்டிருப்பவரை எழுப்பி உட்கார வைக்கும்போது அப்படி ஒரு முனகல் வரும். நெற்றிப்பொட்டில் எதுவோ மெதுவாகத் தட்டியது. குளிர்தான் காரணம். மூடுபனி இறங்கினால் எல்லாருக்கும் தலை கனக்கும்.

மறுபடியும் மணி. இந்த முறை மெதுவாக, கைப்பிடியை யாரோ பாதி சுற்றிவிட்டு நினைவு தப்பியதைப்போல. “ஏங்க,” என்றாள். “இந்தச் சுவரு மூச்சு விடுது.” அவர் கேட்டதை மறுபடியும் கேட்டுக்கொண்டார். “எந்தச் சுவரு?” “தலமாட்டுச் சுவருதான். உங்க டெலிபோனுக்குக் கீழ. கைய வச்சா வெதுவெதுன்னு இருக்கு. விட்டு விட்டு வருது, மாடு மூச்சு விடுத மாதிரி.” “மாத்திர சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன். மாத்திர சாப்பிட்டா சுவரு மூச்சு விடுமாக்கும்?” “ஏதாவது வாசம் வருதா?” என்று கேட்டார், கேட்ட பிறகுதான், முந்தின வருடக் காய்ச்சலில் அவளுக்கு மோப்பம் முற்றிலும் போய்விட்டது என்பது நினைவுக்கு வந்தது. மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். “எனக்குப் போயி வாசம் கேக்கீய பாருங்க,” என்றாள், கோபமில்லாமல். “இதமா இருக்கு. இந்த ஊருக்கு வந்து இன்னைக்குத்தான் இந்த ரூமு குளிரல. நான் சுவர ஒட்டிப் படுத்துக்கிடட்டா?” “படு,” என்றார். படு என்று சொன்ன தம் குரல் கொட்டகையின் வேறொரு மூலையிலிருந்து வந்ததைப்போல இருந்தது. மாத்திரை அப்படித்தான் செய்யும். முந்தாநாள்கூடக் கூரையில் யாரோ நடக்கிறார்கள் என்றாள். குரங்காக இருக்கும் என்றார். குரங்கு செருப்புப் போட்டு நடக்குமா என்று கேட்டாள். சுவர் மூச்சு விடுகிறது. விடட்டும். சுவராவது விடட்டும். இங்கே ஒன்று விடமாட்டேன் என்கிறதே.

முறையாக யோசிக்க வேண்டும். எந்தக் கோளாறையும் ஒரு முனையிலிருந்து தொடங்கி மறுமுனைவரை தேடிப் போக வேண்டும். சூடேற்றும் கம்பிகளில் மின்சாரம் வருகிறது, பார்த்தாயிற்று. எர்த் சரியாக இருக்கிறது, பார்த்தாயிற்று. சேதி சொல்லும் கறுப்புக் கம்பி அறுபடவில்லை; பார்த்தாயிற்று. பார்த்தாயிற்றா? பார்த்ததாக நினைவு இருக்கிறது. அந்த நினைவில் இருக்கும் கைகள் பால்துரையின் கைகளாக இருக்கின்றன. சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பதையும் அவர் தெரிந்துதான் வைத்திருந்தார். குழாய்க்குள் இருக்கும் புகையை அது வெளியே இருக்கும் காற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. புகைப்பக்கத்தில் துளைகள் இருக்கின்றன, புகை நுழைகிறது. வெளிக்காற்று? கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது மறுபக்கத்தில் துளை எதுவும் தென்படவில்லை. கெட்டியான இரும்பு, அதிலிருந்து புறப்படும் நான்கு கம்பிகள், அவ்வளவுதான். பின்னே வெளிக்காற்று அதற்குள் எப்படிப் போகும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று தோன்றியது; பிடிக்கப் போனால் கேள்வி ஈரச் சோப்பைப்போல நழுவிற்று. எதையோ மறந்துவிட்டோம். சென்சாரைப் பற்றியதன்று. வேறு எதையோ. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவருக்கு இருக்குமே, அந்த உறுத்தல். பால் வைக்கவில்லை. எல்லாவற்றையும் அடைத்தாயிற்று. எல்லாவற்றையும் அடைத்தாயிற்று என்பதே ஏன் உறுத்த வேண்டும்? வெள்ளை, சிவப்பு, கறுப்பு. மேலே பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. குழியின் வாயருகில், மழைக்குப் படுதா கட்டி, அதற்கடியில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பால்துரையைக் கூப்பிட்டபோது அவன் பதில் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தபோது, முதுகைச் சுவரில் சாய்த்து, மடியில் கேபிளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இணைப்பு பாதி முடிந்திருந்தது. முடிந்தவரையில் ஒரு கம்பிகூட மாறவில்லை. அருகில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு அணையவே இல்லை. அவனுடைய கன்னம் பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தையின் கன்னத்தைப்போல இளஞ்சிவப்பாக இருந்தது. கறுத்த ஆள் அவன். கறுத்த ஆளுக்கு அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று நெடுநாள் யோசித்தார். பம்ப்செட்டின் புகை என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். அந்தப் புகைக்கு விளக்கைத் தெரியாது, ஆளைத்தான் தெரியும்.

மெழுகுவர்த்தி ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதைப் பார்ப்பதற்கும் பால்துரையை நினைப்பதற்கும் நடுவில் ஒரு பாலம் இருக்க வேண்டும் என்றும், அந்தப் பாலத்தில் கால் வைத்தால் போதும் என்றும் தோன்றியது. கால் எழவில்லை. அப்போது மணி ‘கிண்’ என்று ஒரே ஒரு முறை ஒலித்தது. வேனைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் எடுத்தார். நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. “வண்டில யாரு உக்காந்திருக்கா?” என்றாள் புஷ்பம். குரல் பஞ்சில் பொதிந்ததைப்போல இருந்தது. “யாரும் இல்ல.” “மெத்தைல. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஓ, நான்தானா? ஏத்திட்டீயளா என்னைய? வளைவு வந்துட்டா?” “நீ ரூம்ல இருக்க, புஷ்பம்.” “அப்ப வண்டில இருக்கது யாரு?” அவர் திரும்பிப் பார்த்தார். பின்பக்கக் கண்ணாடி வழியே மெத்தை தெரிந்தது; போன வாரம் அவள் படுத்த இடம் அப்படியே குழிந்திருந்தது; அந்தக் குழிவில் மூடுபனியோ, புகையோ, சாம்பல் நிறமாக எதுவோ, முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. “நல்லா ஓடுது,” என்றாள். “திணறவே இல்ல. நிப்பாட்டாதீய.” ரிசீவர் தலையணையில் விழும் மெத்தென்ற ஓசை. பிறகு இரைச்சல். மாத்திரைதான், தூங்கட்டும், தூங்கினால் நாளைக்குத் தெம்பாக இருப்பாள் என்று அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? இணைப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜாயின்டர் எழுந்து போகக் கூடாது. பால்துரைகூட எழுந்து போகவில்லை. முதலில் முள். முள் அசைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

இனிச் செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. தம் இணைப்பைத் தாமே வெட்டிப் பார்ப்பது. அதற்கு மனம் வரவில்லை. ஆனால், கை கட்டிங் பிளேயரை எடுத்துவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு வெட்ட வேண்டும் என்று தெரியும், நிறுத்தத் தோன்றவில்லை. நாடாவை, உறையை, ஜெல்லியை, ஈயத்தை, எல்லாவற்றையும் சேர்த்து, இணைப்பின் இருபுறமும் ஒரு விரல் நீளம் தள்ளி நறுக்கென்று வெட்டினார். நான்கு கம்பிகளும் வெறும் வாயோடு நின்றன. விரலால் உறையை உரித்து, செம்பிழைகளை வண்டியின் கம்பிகளோடு ஈயமும் இல்லாமல் உறையும் இல்லாமல் வெறுமனே முறுக்கிவிட்டார். அப்படி ஒரு முறுக்கை எந்தத் தொழிலாளி செய்து வைத்திருந்தாலும் கன்னத்தில் அறைந்திருப்பார். முறுக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தார். முதலில் ஒன்றுமில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு, உறக்கத்தில் விரல் அசைவதைப்போல, முள் ஒரு நூலளவு அசைந்தது. நின்றது. எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. அருமைநாயகம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ந்தும் எழுந்தும், தாழ்ந்தும் எழுந்தும். மூச்சு விடுகிறது. இவ்வளவு நேரம் விடாமல் இருந்தது வண்டி செய்த குற்றம் அன்று. அவர் அடைத்து வைத்த குற்றம். துளை எதுவும் இல்லை என்று நினைத்தாரே, துளை கம்பியில்தான் இருந்தது. கம்பியின் ரப்பர் உறைக்குள்ளே, செம்பிழைகளின் இடுக்கு வழியே, வெளிக்காற்று நூலாக நடந்து போய் உள்ளே சேருகிறது. ஈயமும் ஜெல்லியும் ஊட்டி அந்த மூக்கைத்தான் அவர் பொத்தியிருந்தார். இது அவருக்குத் தெரியாததா? எக்ஸ்சேஞ்சின் கீழறையில் இராப்பகலாக ஓடிய காற்றுப் பம்ப், பூமிக்கடியில் கிடந்த கேபிள்களுக்குள் காற்றைத்தானே ஏற்றிக்கொண்டிருந்தது? கேபிளில் ஓட்டை விழுந்தால் மைல்கணக்கான தூரத்துக்கு அப்பால் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துத்தானே அவர்கள் கண்டுபிடித்தார்கள்? கம்பி செல்லும் வழியில் காற்றும் செல்லும். கம்பி செல்லும் வழியில் காற்றும் செல்லும். இந்த வாக்கியம் அவருக்குள் ஒரு முறை சுற்றியது, மறுமுறை சுற்றியது, சுற்றிக்கொண்டே வந்து, சுவரில் மாட்டியிருந்த டெலிபோனில் நின்றது, அங்கிருந்து இறங்கும் கம்பியோடு இறங்கியது, வேனின் பின்புறத்துக்குப் போயிற்று, அங்கே, புகைக்குழாயின் வாய்க்கு நேரே, ஒரு முழ இடைவெளியில், சுவரிலிருந்த குழாயின் வாய்க்குள் நுழைந்தது. குழாயின் வாயில் இழுகயிற்றின் முனை உள்நோக்கி அசைந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு. மாடு மூச்சு விடுகிற மாதிரி.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றதும் உண்டான அமைதி காதில் அறைந்தது. டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினார். சுவருக்கு அப்பால் மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். கதவு தூரமாகப் போயிற்று. தரை மெத்தையைப்போலக் குழைந்தது. உட்கார்ந்துவிடலாம், முதுகைச் சாய்த்து, மடியில் எதையாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று, பால்துரையின் குரலில், மிகவும் பரிவாக, எதுவோ சொன்னது. “உள்ள போயித் தூங்கிராதேடே” என்று அவரே உரக்கச் சொன்னார். தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினார். மூடுபனி முகத்தில் விழுந்தது. எந்த மூடுபனிக்கு எதிராக மெழுகும் நாடாவும் சுற்றினாரோ, அதை வாய் வாயாகக் குடித்தார். குடிக்கக் குடிக்க, எங்கிருந்தோ, மஞ்சள் என்று நினைவுக்கு வந்தது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள். வீட்டுக்குள் சுற்றிக்கொண்டு போகவில்லை. கதவருகில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அவளுடைய ஜன்னல் கண்ணாடியை அடித்தார். கண்ணாடி உடைந்தது, நாடா அதை விடவில்லை, உடைந்த துண்டுகளெல்லாம் அவர் ஒட்டிய நாடாவிலேயே தொங்கிக்கொண்டு நின்றன. அவ்வளவு நல்ல வேலை. ஸ்பேனரால் மறுபடியும் மறுபடியும் அடித்து, கையை விட்டுக் கொக்கியைக் கழற்றி, சட்டத்தைப் பிய்த்தபோது மெழுகு உதிர்ந்து, அறை ஒரு பெரிய வெதுவெதுப்பான மூச்சை அவர் முகத்தில் விட்டது. வேனின் வாசம். முற்றத்திலிருந்த பனி அவரைத் தாண்டி உள்ளே நுழைந்தது.

அவள் சுவரை ஒட்டி, குழாயின் வாயருகில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். ரிசீவர் கழுத்தடியில் கிடந்தது. கன்னம் இளஞ்சிவப்பாக இருந்தது. நோய் வந்த நாளிலிருந்து இல்லாத நிறம். கல்யாணத்தன்று கோயில் வாசலில் இருந்த நிறம். அவர் ஜன்னலில் ஏறி இறங்கியதும், அவளை வாரி இழுத்து ஜன்னலோரத்தில் கிடத்தியதும், கையில் கண்ணாடி கீறியதும், வேறு யாரோ செய்வதைப்போல நடந்தன. புஷ்பம் என்று கூப்பிட்டார். ஏளா என்று கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து அவளுடைய வாயைப் பார்த்தார். குளிர்ந்த காற்றில் யாருடைய மூச்சும் கண்ணுக்குத் தெரியும். அவருடைய மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. அவளுடைய உதடுகளுக்குமுன் ஒன்றும் தெரியவில்லை. பனி அவளுடைய முகத்தின்மேல் அசையாமல் நின்றது, முள் நின்றதைப்போலவே. தம் மூச்சு குழப்பிவிடாமல் இருக்க அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். பார்த்தார். இதுவரை எந்த மீட்டரையும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு நூலளவு. பனி அவளுடைய உதட்டை நோக்கிச் சாய்ந்தது. நின்றது. விலகியது. மறுபடியும் சாய்ந்தது. பிறகு ஓர் இருமல், அடியாழத்திலிருந்து துருவைப் பெயர்த்துக்கொண்டு வரும் இருமல். நேற்று விலாவை வலிக்கச் செய்த அதே இருமல்.

நெடுநேரத்துக்குப் பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். உடைந்த ஜன்னலைப் பார்த்தாள். அவருடைய கையில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தாள். அவரைத் தாண்டி, தலைமாட்டுச் சுவரில் இருந்த குழாயைத்தான் தேடினாள். கையை நீட்டினாள்; எட்டவில்லை.

“சுவரு நின்னுட்டே,” என்றாள், பிள்ளை பொம்மையைக் கேட்கிற குரலில்.

“நான்தான் நிப்பாட்டினேன்.”

“ஏன் நிப்பாட்டுனீய? நல்லாத்தான மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு.”

“அது நிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, அவர் அவளுடைய முகத்தைப் பனியின் பக்கமாகத் திருப்பினார். “நீ விடு.”